எக்ஸ்பிரஸ் அத்தானும் பாதி டிரம்மும்

இப்போது நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் கரி அடுப்பு மூட்டக் கூடாதாம். லிஃப்ட் பக்கத்தில் பலகையே எழுதி மாட்டியிருக்கிறார்கள். பால்கனியில் ஈரத்துணி சொட்டினாலே கீழ்வீட்டுக்காரி மூச்சிரைக்க மேலே வந்து நிற்கிறாள். புகை போனால் கேட்கவா வேண்டும்? அத்தான் இதற்கெல்லாம் வாயே திறக்க மாட்டார். திட்டுவதெல்லாம் நான்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் போதும், பழைய வீட்டின் முன்பக்கம் கண்ணுக்குள் வந்து நின்றுகொள்ளும். சிமெண்ட் தரை, துணி காயும் கொடி, சுவர் ஓரம் அந்தப் பாதி டிரம், அதன் மூடி இடுக்கில் மெல்லக் கிளம்பும் புகை. அப்புறம் அன்றைக்கு எதைச் சாப்பிட்டாலும் எனக்கு வைக்கோல்தான்.

அத்தான் என்றால் என் அக்கா புருஷன். ஆம்புலன்ஸ் டிரைவர். வண்டியில் உட்கார்ந்தால் மனுஷன் வேறு. சந்து பொந்தெல்லாம் அத்துப்படி, எந்த சிக்னல் எப்போது மாறும் என்பது விரல்நுனியில். வண்டியை விட்டுக் கீழே இறங்கினாரோ, போச்சு. ஷூ கயிறு கட்ட உட்கார்ந்தால் நாம் ஒரு குளியல் போட்டுவிட்டு வந்துவிடலாம். ஒரு கேள்வி கேட்டால் அது காதுக்குள் போய், சுற்றிப் பார்த்துவிட்டு, ஆற அமரத்தான் பதிலாக வெளியே வரும். எங்கள் அப்பாதான் அவருக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்தார். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார். "வாங்க எக்ஸ்பிரஸ் மாப்பிள்ளை!" அத்தான் சிரிப்பார். அந்தச் சிரிப்பும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

அக்கா மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். முதல் தடவை அத்தான் அங்கே தலைவலி மாத்திரை வாங்கப் போயிருக்கிறார். "வேற ஏதாவது வேணுமா?" என்று எல்லோரிடமும் கேட்பதுபோல அக்கா கேட்டிருக்கிறாள். "யோசிச்சுச் சொல்றேன்" என்று போய்விட்டார். அடுத்த வாரம் வந்து, "வேற ஒன்னும் வேணாங்க. உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்" என்றாராம். அக்கா என்னிடம் இதைச் சொன்னபோது நான் தலையில் அடித்துக்கொண்டேன். "ஒரு வாரமா யோசிச்சாரு இதை? இவரைக் கட்டிக்கிட்டா நீ உருப்பட்ட மாதிரிதான்" என்றேன். அவள் என் பேச்சை எங்கே கேட்டாள்? நல்லவேளை, கேட்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் எங்கள் வீட்டின் கீழ்ப் பகுதிக்கே வந்துவிட்டார்கள். மாடியில் அப்பாவும் நானும், என் தையல் மெஷினும். ஆம்புலன்ஸ் நிலையம் பக்கத்துத் தெருவில். ஞாயிற்றுக்கிழமை அத்தானுக்கு எப்போதும் டியூட்டி உண்டு. ஆனால் அன்றைக்கு வீட்டிலேயே இருக்கலாம், வண்டி வாசலில் நிற்கும், போன் அடித்தால் போக வேண்டும். கூடவே வண்டியில் போகும் நர்ஸ் தம்பியும் எங்கள் வீட்டில்தான் இருப்பான். ஒல்லிக்குச்சி, ஆனால் சாப்பாட்டில் உட்கார்ந்தால் சட்டியைக் கழுவவே வேண்டியிருக்காது.

அந்தப் பாதி டிரம் வந்த கதை இது. பின்தெரு கராஜில் வெல்டிங் செய்கிறவர் ஒரு பழைய எண்ணெய் டிரம்மை நெடுக்காக அறுத்து, கீல் வைத்து மூடி போட்டு, அடியில் காற்றுப் போக ஓட்டையும் அதைச் சாத்த ஒரு தகடும் வைத்துக் கொடுத்தார். அத்தான் அவருடைய அம்மாவை ஒரு தடவை நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாராம், அந்த நன்றி. அதோடு வார்ப்பிரும்புச் சட்டி ஒன்றும் கொடுத்தார். அதை ஒற்றைக் கையால் தூக்க எங்கள் வீட்டில் யாராலும் முடியாது. அத்தானுக்கு மாட்டிறைச்சி என்றால் உயிர். ஸ்டேக் என்கிற இரண்டு விரல் தடிமன் துண்டுகளாக வெட்டி வாங்கி வந்து, ஞாயிறு மதியம் கரியில் சுடுவது என்று ஆரம்பித்தார்.

முதலில் எல்லோரையும்போலத்தான் செய்தார். கொழுந்துவிட்டு எரியும் கரி மேல் சட்டி, சட்டியில் இறைச்சி, சர்ரென்று சத்தம், அப்புறம் உள்ளே வேக விடுவது. எங்கே விட்டார்கள்? மேல்பக்கம் சிவந்ததும் போன் அடிக்கும். "வந்துடறேன்" என்று ஓடுவார். நாங்கள் யாரும் அந்த வேலைக்குப் பழகாதவர்கள். எடுப்பதா விடுவதா என்று பட்டிமன்றம் நடத்தி முடிப்பதற்குள் இறைச்சி செருப்புத் தோல் ஆகிவிடும். அப்பா அதைக் கடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, இதை என் ஷூவுக்கு அடியில தைச்சுக்கொடுங்க, மழைக்கு நல்லா இருக்கும்" என்பார்.

இப்படியே பல ஞாயிறுகள் போன பிறகு அத்தான் யோசித்தார். அவர் யோசித்தால் நேரம் ஆகும், ஆனால் யோசித்துவிட்டால் சரியாகத்தான் இருக்கும். ஒரு நாள் எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றிவிட்டார். கரியை டிரம்மின் ஒரு ஓரமாகக் குவித்தார். இறைச்சியைக் கரி இல்லாத மறு ஓரத்தில் வைத்தார். மூடியைச் சாத்தினார். சத்தமும் இல்லை, வாசனையும் இல்லை. "என்ன, அடுப்பு அணைஞ்சிடுச்சா?" என்று அப்பா கேட்டார். "மெதுவா வேகட்டும் மாமா. உள்ளே வெந்த பிறகு வெளியே வறுத்துக்கலாம்" என்றார் அத்தான். "குளிச்சிட்டு வேலைக்குப் போவாங்க. நீங்க வேலைக்குப் போயிட்டு வந்து குளிக்கச் சொல்றீங்க" என்று அப்பா மாடிக்குப் போய்விட்டார்.

விஷயம் என்னவென்றால், இப்படிச் செய்தால் இறைச்சி காத்திருக்கும். உள்ளே பதமாக வெந்ததும் எடுத்து ஒரு தட்டில் வைத்து லேசாக மூடிவிடலாம். அத்தான் எங்கே போனாலும் சரி, வந்த பிறகு சட்டியைக் கரி மேல் வைத்துப் புகையும்வரை காயவிட்டு, இரண்டு பக்கமும் ஒரு நிமிடம் ஒரு நிமிடமாக வறுத்தால் மேலே மொறுமொறு, உள்ளே மெத்து. போன் நடுவில் அடித்தாலும் அக்கா செய்ய வேண்டியது பதம் பார்த்து எடுத்து வைப்பது மட்டுமே. பதம் பார்க்கத்தான் ஒரு கூத்து நடந்தது. நர்ஸ் தம்பி தன் பையிலிருந்து காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை எடுத்து இறைச்சியில் சொருகப் போனான். அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடேய், இது யார் வாயிலேர்ந்து வந்துதுன்னு சொல்லிட்டு வை!"

"கழுவிட்டேன் ஐயா."

"வாயிலேர்ந்து வந்திருந்தா பரவாயில்ல. வேற எங்கேர்ந்தாவது வந்திருந்தா?"

அதன் பிறகு அத்தான் நீளமான ஊசி வைத்த இறைச்சித் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வந்தார். அப்பா அதையும் கொஞ்ச நாள் சந்தேகத்தோடுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படித்தான் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள் உருவாயின. காலையில் உப்பு தடவி வைப்பது அக்கா. கரி மூட்டி, ஓரம் கட்டி, மூடியைச் சாத்தி, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காருவது அத்தான். நடுவில் யாராவது மூடியைத் திறந்து பார்த்தால் அவருக்குக் கோபம் வரும். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அதற்கு மட்டும்தான். போன் அடித்தால் எழுந்து, "அடி ஓட்டையைச் சாத்திடாதீங்க, கரி செத்துடும்" என்று சொல்லிக்கொண்டே ஓடுவார். நர்ஸ் தம்பி பின்னாலேயே ஓடுவான். நாங்கள் காத்திருப்போம். வயிறு கபகபவென்று எரியும். அப்பா சுற்றிச் சுற்றி வருவார். ஆனால் அக்கா யாரையும் சட்டியைத் தொட விட மாட்டாள். "அவரு வந்துதான் வறுக்கணும். எல்லாரும் சேர்ந்துதான் சாப்பிடணும்" என்பாள். அதில் மட்டும் அவள் பிடிவாதம் இரும்பு.

தெருமுனையில் அந்த வண்டியின் இன்ஜின் சத்தம் திரும்பியதும் அப்பா குதித்து எழுந்து சட்டியைக் கரி மேல் தூக்கி வைப்பார். இரண்டு கையாலும், பல்லைக் கடித்துக்கொண்டு. அது அவர் வேலை, யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். அத்தான் கை கால் கழுவி வருவதற்குள் சட்டி சரியாகக் காய்ந்திருக்கும். அத்தான் இடுக்கியை எடுப்பார். சர்ர்... அந்தச் சத்தத்துக்காகத்தானே அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தோம்! கடைசியில் ஒரு துண்டு வெண்ணெய், நசுக்கின பூண்டு. முதல் துண்டு அக்கா தட்டுக்கு, அடுத்தது அப்பாவுக்கு. என் முறை வருவதற்குள் எனக்கு நாக்கு அரை முழம் நீண்டுவிடும். இப்போது அதெல்லாம் இல்லை. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வீட்டையும் இடித்துவிட்டார்கள்.

நாங்கள் சாப்பிடும்போது, போன இடத்தில் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்க மாட்டோம். அத்தானும் சொல்ல மாட்டார். அந்த நிலையத்தில் அது ஒரு வழக்கம். ஆளைக் கொண்டு போய் ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட்டால் அதோடு சரி. பிழைத்தாரா, வீட்டுக்குப் போனாரா என்று திரும்பி விசாரிக்கக் கூடாது. "விசாரிக்க ஆரம்பிச்சா அடுத்த வண்டியை எடுக்க முடியாது" என்று ஒரே ஒரு தடவை எனக்குச் சொல்லியிருக்கிறார். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் தைத்துக் கொடுத்த சட்டை சரியாக இருந்ததா என்று நாலு பேரிடம் கேட்காமல் எனக்குத் தூக்கம் வராது. அவர் தூக்கிக்கொண்டு போகிற ஆளைப் பற்றிக் கேட்காமல் எப்படி இருக்கிறார்? கேட்டால், "பழகிடுச்சு கொழுந்தியா" என்பார்.

அப்புறம் அந்த ஞாயிறு வந்தது.

இறைச்சி பதமாக வெந்து தட்டுக்கு வந்திருந்தது. அத்தான் சட்டியை எடுக்கக் குனிந்தபோது போன் அடித்தது. பெயிண்ட் கிடங்கு ஒன்றில் தீ. நர்ஸ் தம்பி கையிலிருந்த வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். வழக்கம்போலக் காத்திருந்தோம். வழக்கத்தைவிட நேரம் ஆயிற்று. வண்டிச் சத்தம் திரும்பியதும் அப்பா சட்டியைத் தூக்கி வைத்தார். அத்தான் மட்டும்தான் வந்தார். நர்ஸ் தம்பிக்குக் கையில் தீக்காயம், கட்டுப் போட ஆஸ்பத்திரியிலேயே நிறுத்திக்கொண்டார்களாம். "பெருசா ஒன்னும் இல்ல" என்றார். கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். அவர் எதைச் செய்தாலும் நேரம் ஆகும் என்பதால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

இடுக்கியை எடுத்து முதல் ஸ்டேக்கைச் சட்டியில் வைத்தார். சர்ரென்றது. புகை எழுந்து அவர் முகத்தில் அடித்தது. அவ்வளவுதான். இடுக்கியைக் கீழே வைத்தார், வீசவில்லை, மெதுவாகத்தான் வைத்தார். திரும்பி, வாசல் கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார். "மாப்பிள்ளைக்கு வயிறு சரியில்லையோ?" என்றார் அப்பா. அக்கா கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டியில் இருந்தது கருகிக்கொண்டிருந்தது. நான்தான் ஒரு பழந்துணியைப் பிடித்து அதைக் கீழே இறக்கினேன்.

மறுநாள் கையில் கட்டோடு வந்த நர்ஸ் தம்பி அக்காவிடம் சொன்னான். கிடங்கில் வேலை பார்த்த ஒருவர். உடம்பெல்லாம் வெந்திருந்தது. வண்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அந்த வாசனையோடுதான் இருவரும் ஆஸ்பத்திரிவரை போயிருக்கிறார்கள். "எனக்கு அது ஒட்டிக்கல அக்கா. ஏன்னு தெரியல. நேத்து ராத்திரிகூட நல்லாத்தான் சாப்பிட்டேன். அண்ணனுக்கு ஒட்டிக்கிச்சு" என்றான். சொல்லிவிட்டு, தான் சாப்பிட்டதற்காகவே வெட்கப்பட்டவன்போல முகத்தைத் திருப்பிக்கொண்டான். அத்தான் காலையில் அவனை வண்டியில் கூட்டி வரும்போதே, இதைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று சொல்லிவிட்டாராம்.

அத்தான் வேலைக்குப் போவதை நிறுத்தவில்லை. வண்டியை எப்போதும்போலப் பறக்கவிட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று எங்கள் வீட்டில் இல்லாமல் போயிற்று. டிரம் மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுக் கட்டிவிட்டார். ஞாயிறு முழுவதும் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பார். வீட்டில் எதைப் பொரித்தாலும் எழுந்து வெளியே போய்விடுவார். எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது நின்றது. தட்டை எடுத்துக்கொண்டு தனியாக அறைக்குள் போய்விடுவார். ஏற்கெனவே குறைவாகப் பேசுகிறவர், இப்போது சுத்தமாக ஊமை. நான் சும்மா இருப்பேனா? "டாக்டரைப் பாருங்க அத்தான், மனசுக்கும் டாக்டர் இருக்காங்க" என்று நச்சரித்தேன். நிலையத்திலேயே அதற்கு ஒரு அம்மா இருந்தார். போய் இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டு வந்தார். தூக்கம் கொஞ்சம் வந்தது. மற்றபடி அப்படியேதான் இருந்தார்.

அக்கா மாடிக்கு வந்து என் மெஷின் பக்கத்தில் உட்காருவாள். அவள் அழுகிற ரகம் இல்லை. துண்டுத் துணிகளை எடுத்து மடித்துக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் சொன்னாள்: "வண்டி எத்தனையோ தடவை அவரை நடுச் சாப்பாட்டுல கூட்டிக்கிட்டுப் போயிருக்கு. ஒவ்வொரு தடவையும் திருப்பிக் கொண்டுவந்து விட்டுடும். இந்தத் தடவைதான்டி விடல. எனக்கு வேற ஒன்னும் வேணாம். அவரு அந்த டிரம் பக்கத்துல நிக்கணும். நம்மகூட உட்கார்ந்து சாப்பிடணும்." நான் மெஷினை நிறுத்திவிட்டு அவளோடு சேர்ந்து துணி மடித்தேன்.

ஒரு சனிக்கிழமை மாலை அக்கா இறைச்சிப் பொட்டலத்தோடு வந்தாள். அத்தான் முன்னால் மேஜை மேல் வைத்தாள்.

"ஏங்க, ஒன்னு கேட்கட்டுமா? மூடியைச் சாத்தி மெதுவா வேகறப்போ வாசனை வருதா?"

அத்தான் யோசித்தார். நாங்கள் காத்திருந்தோம். "அவ்வளவா வராது."

"அப்போ அந்த வேலையை மட்டும் நீங்க பாருங்க. வறுக்கிறதை நான் பார்த்துக்கறேன். அந்த நேரத்துல நீங்க வெளியே போயிடுங்க. எல்லாம் முடிஞ்சு புகை போனதும் நான் போன் பண்றேன்."

"உனக்கு வறுக்கத் தெரியாதே" என்றார் அத்தான்.

"தெரியாதுதான். அதனால என்ன, அப்பாதானே சாப்பிடப் போறாரு!"

அத்தான் சிரித்துவிட்டார். அத்தனை மாதங்களில் முதல் சிரிப்பு. மாடிப்படியில் நின்று ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "இது எந்த ஊர் நியாயம்?" என்று சத்தம் போட்டார். ஆனால் மறுநாள் காலையில் டிரம் மேலிருந்த விரிப்பை அவிழ்த்துத் தூசி தட்டி வைத்தது அவர்தான்.

அப்படி ஆரம்பித்தது எங்கள் புது வழக்கம். ஊரில் கேட்டால் சிரிப்பார்கள். அத்தான் கரியை ஓரம் கட்டி, இறைச்சியை வைத்து, ஊசியைப் பார்த்து எடுத்து, தட்டில் மூடி வைப்பார். எழுந்து கை துடைத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே, கேட்டைத் திறந்துகொண்டு கிளம்புவார். தெருமுனை பஸ் ஸ்டாப் பெஞ்சில் போய் உட்காருவார். அப்புறம் அப்பா சட்டியை வைப்பார், அக்கா வறுப்பாள். கருகிவிடுமோ என்று பயந்து பயந்து, சட்டி காய்வதற்கு முன்பே வைத்து, தொட்டுத் தொட்டுத் திருப்பி எடுப்பாள். ஸ்டேக் வெளுத்துப் போய், காய்ச்சல்காரன் முகம்போல இருக்கும். அப்பா தலைவிதியே என்று மெல்லுவார். புகை கலைந்ததும் அக்கா போன் செய்வாள். அத்தான் வந்து எங்களோடு உட்கார்ந்து உருளைக்கிழங்கும் ரொட்டியும் சாப்பிடுவார். இறைச்சியைத் தொட மாட்டார். தொடவில்லை என்றால் என்ன, உட்கார்ந்தாரே!

நர்ஸ் தம்பியும் மறுபடி வர ஆரம்பித்தான். சட்டியில் ஏதாவது இருக்கும் நேரத்தில் வீட்டில் வைத்திருக்கும் டியூட்டி போன் அடித்தால், அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்து பஸ் ஸ்டாப்பில் இருக்கும் அத்தானுக்கு போன் செய்வான். அத்தான் வந்து வண்டியை எடுப்பார். "உலகத்துலேயே டிரைவருக்காகக் காத்திருக்கிற ஒரே ஆம்புலன்ஸ் நம்மது" என்று அப்பா சொன்னதற்கு அக்கா முறைத்த முறையில் அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. காத்திருந்தது என்னவோ ஒரு நிமிஷம்தான். அந்த நேரத்தில் மட்டும் அத்தான் நடக்க மாட்டார், ஓடுவார்.

சில வாரங்களில் அவர் பஸ் ஸ்டாப்புவரை போவதை விட்டுவிட்டார். நாலு வீடு தள்ளி ஒரு வேப்ப மரம் இருந்தது, அதன் அடியில் நிற்பார். அப்புறம் பக்கத்து வீட்டுச் சுவர். அப்புறம் எங்கள் கேட்டுக்கு வெளியே, வண்டியில் சாய்ந்துகொண்டு. யாரும் எதுவும் பேசவில்லை. நானே பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கா சட்டியைப் பார்த்துக்கொண்டே ஓரக்கண்ணால் அவர் எங்கே நிற்கிறார் என்று அளப்பாள்.

ஒரு ஞாயிறு அப்பா சட்டியை வைத்தார். எண்ணெய் புகைந்தது. அக்கா வழக்கத்துக்கு மாறாக நன்றாகக் காயவிட்டுத்தான் ஸ்டேக்கை வைத்தாள். சர்ரென்று பெரிய சத்தம். அவள் நிமிர்ந்து கேட் பக்கம் பார்த்தாள். அத்தான் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். உள்ளே. கைகளைக் கட்டிக்கொண்டு, வேறு எங்கோ பார்ப்பதுபோல. அக்கா அவரைப் பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே நின்றாள். கையில் இடுக்கி இருப்பதும் மறந்துபோயிற்று, சட்டியில் இறைச்சி இருப்பதும் மறந்துபோயிற்று. நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா என் கையை அழுத்தினார்.

"திருப்பு!" என்று அத்தான் கத்தினார்.

அக்கா அசையவில்லை.

"கருகுது! ஐயோ, திருப்பு, திருப்புன்னா!"

போன் அடிக்காமல் அவர் அவ்வளவு வேகமாக நடந்து வந்து வீட்டில் யாரும் பார்த்ததில்லை. வந்தார், அக்கா கையிலிருந்து இடுக்கியைப் பிடுங்கினார், திருப்பிப் போட்டார். புகை குப்பென்று எழுந்து அவர் முகத்தை மூடியது. அப்போதுதான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கே உறைத்தது போலிருக்கிறது. இடுக்கி சட்டி விளிம்பில் கடகடவென்று அடித்தது. அக்கா அவர் கை மேல் தன் கையை வைத்தாள். "போகணும்னா போங்க" என்றாள். அவர் போகவில்லை. இரண்டு பேருமாகப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு நிமிடத்தைக் கடத்தினார்கள். ஸ்டேக்கை எடுத்துத் தட்டில் வைத்த பிறகு அத்தான் அழுதார். வாய்விட்டு அழுதார். அப்பா சட்டென்று தோளில் கிடந்த துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"மெதுவாப் போங்கன்னு சொன்னாரு" என்றார் அத்தான். "பின்னாலேர்ந்து அந்த ஆளு என்கிட்ட சொல்லிக்கிட்டே வந்தாரு. மெதுவாப் போங்க, ஆட்டுது, வலிக்குதுன்னு. நான் கேட்கவே இல்ல. நான் வேகமா ஓட்டினேன். அவ்வளவு வலியில ஒருத்தர் கேட்டாரு, அதைக்கூட நான் செய்யல. அப்படியும் என்ன பிரயோஜனம்? அவரு பிழைக்க மாட்டாருன்னு எனக்கே தெரிஞ்சுது. கொண்டு போய் விட்டுட்டு, நீங்க எல்லாரும் பசியோட உட்கார்ந்திருப்பீங்களேன்னு வீட்டுக்கு வந்துட்டேன். அவரு அங்கே யாருமே இல்லாமத்தான் போயிருப்பாரு."

நர்ஸ் தம்பி நாற்காலியை விட்டு எழுந்தான்.

"அண்ணே, அவரு யாருமே இல்லாமப் போகல."

அத்தான் அவனைப் பார்த்தார்.

"எனக்குக் கட்டுப் போட்ட இடம் அவரு ரூமுக்கு எதிர்ல. மருந்து கொடுத்து வலியை அடக்கிட்டாங்க. அவரு சம்சாரம் வந்துட்டாங்க, நேரத்துக்கு வந்துட்டாங்க. ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தாங்க ரெண்டு பேரும். என் காதாலயே கேட்டேன். கொஞ்சம் தாமதமா கொண்டுவந்திருந்தா வழியிலேயே போயிருப்பாருன்னு டாக்டர் சொன்னாரு. இதைப் பத்திப் பேசக் கூடாதுன்னு நீங்க சொல்லிட்டீங்களா, நான் வாயே திறக்கல."

எனக்கு வந்ததே கோபம்! இத்தனை மாதம் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் தின்றுகொண்டிருந்தானே என்று அவனை அறையலாம்போல இருந்தது. கட்டிக்கொண்டு அழலாம்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் ஏற்கெனவே பிரித்திருந்த ரொட்டிப் பொட்டலத்தை மறுபடி பிரித்துக்கொண்டு நின்றேன்.

அத்தான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, அத்தனை வருஷ வேலையில் ஒருமுறைகூடக் கேட்காததைக் கேட்டார்.

"என்ன பேசினாங்க?"

"பெருசா ஒன்னும் இல்லண்ணே" என்றான் நர்ஸ் தம்பி. "வீட்டுச் சாவியை எங்கே வச்சீங்கன்னு அந்தம்மா கேட்டாங்க. ஜன்னல் கட்டையில இருக்குன்னாரு. சாயங்காலம் மழை வரும், துணியெல்லாம் வெளியே கிடக்குன்னாரு. நான் எடுத்து வச்சுட்டுத்தான் வந்தேன்னு அவங்க சொன்னாங்க. சரின்னாரு."

அத்தான் தலையை ஆட்டினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்கா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கத்தியை எடுத்து அந்தக் கருகின ஸ்டேக்கைத் துண்டு போட்டார். ஒரு துண்டைத் தன் வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக, மெதுவாக மென்றார். நாங்கள் யாரும் எங்கள் தட்டைத் தொடவில்லை. அவர் விழுங்கி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தோம்.